மூட்டும் தோலும்: ஒகேனக்கல் பரிசலை முன்வைத்து

ஆசிரியர் அறை மேசையின்மீது ஒரு மரமீன் கிடந்தது. இயற்பியல் துறை நண்பர் தம் கையாலேயே செதுக்கியது. ஒரு சாண் நீளம். கல்யாண முருங்கை மரம். வயிற்றில் தூண்டில் முள். வாயில் ஒரு கம்பி வளையம். மேல்நாட்டுத் தூண்டில்காரர்கள் புழுவையோ சிறுமீனையோ முள்ளில் கோப்பதற்கு மாற்றாக இத்தகைய மரப்பொம்மைகளை நீரில் இழுத்துப் பெருமீன்களை ஏமாற்றுகிறார்கள். இக்கட்டுரையில் அதனைப் 'பொய்மீன்' என்று குறிப்போம்.

தூண்டிலின் ஏமாற்று நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் இரும்புக்கு உவமிக்கிறது 931ஆம் குறள். இரும்பு இரைக்குள் மறைந்திருப்பதை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவார். பொய்மீனில் இரையே கிடையாது. மறைப்பு மட்டுமே உண்டு. அம்மறைப்பு உயிருள்ளதுபோல் அசைந்தால்தான் பெருமீன் நம்பும்.

நண்பரின் தொல்லையும் அந்த அசைவில்தான் தொடங்கியது. ஒரே கட்டையாகச் செதுக்கிய மீன் நீரில் குச்சிபோல் வந்தது. ஆகவே உடலை நடுவில் அறுத்து இரண்டு துண்டாக்கினார். வால் துண்டு தலைத் துண்டோடு சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் இடமும் வலமும் ஆட வேண்டும். அறுத்த இடத்தில் மரத்தின் நார்முனைகள் வெளியே தெரியும். அவ்வழியாக நீர் ஏறினால் மரம் ஊதும், வண்ணம் வெடிக்கும், மிதப்பின் கணக்குத் தவறும். எனவே வளையவும் வேண்டும், நீர் புகவும் கூடாது. முதலில் ஒரு தோல் பட்டையை இரு துண்டுகளுக்கும் நடுவே பதித்து ஒட்டினார். தோல் ஊறிப் பருத்துப் பசையைத் தள்ளிவிட்டது. அடுத்து சைக்கிள் ட்யூபை வெட்டி மூட்டைச் சுற்றி உறைபோல் ஒட்டினார். நீர் புகவில்லை; ஆனால் வாலும் ஆடவில்லை. பசையைத் தளர்த்தினால் வால் ஆடியது, நீர் புகுந்தது. ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்று பறிபோயிற்று. மூன்று வாரம் இதுவே கதை.

முடிவில் அவர் வந்து சேர்ந்த வழி, இத்தொழிலில் பழகியோர் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் வழியே. தலையில் வளையமுள்ள இரண்டு திருகாணிகளை ஒன்றோடொன்று கோத்து ஆளுக்கொரு துண்டில் முடுக்குவது. முடுக்குவதற்கு முன்பே அறுத்த முகங்களுக்கும் துளைகளுக்கும் தனித்தனியே வார்னிஷ் ஊட்டி உலர்த்துவது. பின் எபாக்ஸிப் பசையில் தோய்த்துத் திருகாணியை இறக்குவது. இப்போது மூட்டுக்குள் நீர் தாராளமாக வந்துபோகிறது. மரத்துக்குள் வருவதில்லை. மூட்டுக்கு நீர்காப்பு வேண்டும் என்று எண்ணியதுதான் பிழை. காப்பு வேண்டியது மரத்திற்கு. ஆடும் வேலையைக் கம்பியிடமும் தடுக்கும் வேலையைப் பூச்சிடமும் பிரித்துக் கொடுத்தவுடன் சண்டை தீர்ந்தது.

பின்லாந்தின் லவுரி ராப்பலா என்னும் மீனவர் 1936இல் தக்கையைச் செதுக்கித் தம் முதற் பொய்மீனைச் செய்தபோது, பளபளப்புக்குச் சாக்லேட் சுற்றிவந்த ஈயத்தாளை ஒட்டினார். மேற்பூச்சுக்குப் புகைப்பட நெகடிவ்களை உருக்கித் தடவினார் என்பது இத்துறையினர் அனைவரும் அறிந்த செய்தி. யாருடைய முகங்களெல்லாம் உருகி அந்த மீனின் தோலாயினவோ என்று நமக்குத் தோன்றியதை நண்பர் ரசிக்கவில்லை.

* * *

இவையெல்லாம் ஒரு பொழுதுபோக்காளரின் குறும்பாடுகள் என்று நாமும் விட்டுவிட்டிருப்போம். அவ்வாண்டு மாணவர்களோடு ஒகேனக்கல் சென்றபோது நண்பர் அந்த மரமீனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உடன் வந்தார். அங்கே பரிசலில் அமர்ந்திருக்கையில்தான், மேசைமேல் கிடந்த கேள்விக்கு இந்த ஆற்றங்கரை மிகப் பெரிய அளவில் விடை செய்து வைத்திருப்பது தெரிந்தது.

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் காவிரி பாறைகளைப் பிளந்துகொண்டு இறங்கும் இடம் ஒகேனக்கல். தமிழ்ப் 'புகை'யே கன்னடத்தில் 'ஹொகெ'. அருவித் திவலை புகையாய் எழும் கல் என்று பெயர்க்காரணம் சொல்வர். இரு கரையும் இரு மொழி. ஆற்றில் செல்லும் கலம் மட்டும் ஒன்றே: தமிழில் பரிசல், கன்னடத்தில் ஹரிகோலு. துங்கபத்திரைப் பக்கம் தெலுங்கர் இதன் உறவைப் புட்டி என்பர்.

பரிசல் செய்வதைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அது படகு கட்டும் தொழிலாகவே தோன்றாது. கூடை முடையும் தொழிலாகத் தோன்றும். மூங்கிலைப் பிளந்து நீண்ட பத்தைகளாக்கித் தரையில் குறுக்கும் நெடுக்கும் பரப்பி அடித்தளத்தைப் பின்னுகிறார்கள். அசையாதிருக்க மேலே கல் வைக்கிறார்கள். பின் பத்தைகளின் நுனிகளைச் சுற்றிலும் மேல்நோக்கி வளைத்து, சிம்புகளைச் சுற்றிச் சுற்றிப் பின்னிச் சுவரை எழுப்புகிறார்கள். விளிம்பில் கனத்த வளையம் ஒன்று வைத்துக் கட்டுகிறார்கள். கைபழகியவர்கள் கூடினால் இவ்வளவும் ஓரிரு நாள் வேலை. இதில் ஆணி இல்லை, பசை இல்லை. ஒரு பத்தை மற்றொன்றின் மேலும் கீழும் புகுந்து செல்வதே பிணைப்பு. அடித்தளத்தில் இருபதுக்கு இருபது பத்தைகள் என்று கொண்டாலும் நானூறு குறுக்கிடங்கள். நானூறும் நானூறு சிறு மூட்டுகள். ஒவ்வொன்றும் நூலிழை அளவே நகரும். ஆனால் பரிசல் பாறையில் மோதும்போது அந்த நூலிழைகள் கூடி அடியை வாங்கிக்கொள்கின்றன. மோதிய இடம் உள்வாங்கி, அதிர்ச்சி பின்னலெங்கும் பரவி, பரிசல் மறுபடி தன் வட்டத்திற்குத் திரும்பிவிடுகிறது.

இந்த நானூறு மூட்டுகளில் ஒன்றுகூட நீரைத் தடுப்பதில்லை. அப்படியே ஆற்றில் இறக்கினால் அது சல்லடை. நீரைத் தடுப்பது வெளியே போர்த்திய தோல். அத்தோல் விளிம்பில்தான் கட்டப்பட்டிருக்கிறது, பின்னலோடு ஒட்டப்படவில்லை. உள்ளே மூங்கில் நெளிகையில் வெளியே தோல் தன்போக்கில் இழுபட்டு இளகுகிறது. பொய்மீனுக்குத் திருகாணியும் வார்னிஷும் எப்படியோ அப்படியே பரிசலுக்கு மூங்கிலும் தோலும். நண்பர் மூன்று வாரம் தவித்த இடத்தை இவர்கள் எத்தனை தலைமுறைக்கு முன்பு கடந்தார்களோ!

நாம் ஏறிய பரிசலில் காலடியில் நீர் கசிந்தது. மாணவி ஒருத்தி பதறினாள். பரிசல்காரருக்கு அறுபது வயதிருக்கும், துடுப்பை நிறுத்தாமலே சொன்னார்: "உள்ள வர்ற தண்ணிய மொண்டு ஊத்திக்கலாம் பாப்பா. மூங்கி நெளியலன்னாத்தான் பயம்." அருகில் இருந்த வாளியை அவளிடமே கொடுத்தார்.

* * *

இக்கலத்தின் பழமைக்குச் சான்று தேடுவோர் பெரும்பாலும் பிறநாட்டார் குறிப்புகளிலேயே முட்டி நிற்க வேண்டியிருக்கிறது. கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520ஐ ஒட்டி, விஜயநகரத்திற்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், அங்கே மக்கள் ஆற்றைக் கடந்த விதத்தை எழுதியிருக்கிறார். கூடைபோல் வட்டமானவை, உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேரைச் சுமக்கும். தேவையானால் குதிரையையும் எருதையும்கூட ஏற்றலாம். நேராகச் செல்லாமல் சுழன்றுகொண்டே போகும். இந்நாட்டின் ஆறுகளில் இவையன்றி வேறு படகுகள் இல்லை என்பன அவர் தரும் செய்திகள். ஒகேனக்கல்லில் இன்று ஏறி இறங்கும் எவரும், பிரம்பை மூங்கிலாக்கி, அக்குறிப்பின் கீழ்க் கையொப்பமிடலாம். 1803ஆம் ஆண்டு மராத்தியப் போரில் ஆறுகளைக் கடக்க ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளைய வெலிங்டன் கோமகன்) செய்வித்ததும் இத்தகைய கூடைப் படகுகளையே. பீரங்கி வைத்திருந்த படையும் ஆற்றங்கரையில் கூடை முடைபவரைத் தேடி நிற்க வேண்டியிருந்தது.

இன்னும் பின்னே சென்றால் ஹெரொடோட்டஸ். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய தம் வரலாற்றின் முதற் புத்தகத்தில், பாபிலோனில் கண்ட வியப்புகளுள் அந்நகருக்கு அடுத்த பெருவியப்பு இதுவே என்று தோல் படகுகளைச் சொல்கிறார். மேலே ஆர்மீனியப் பகுதியில் காட்டலரி விலாக்களை வளைத்துத் தோல் போர்த்துகிறார்கள். முன்னும் பின்னும் இல்லாத கேடயம் போன்ற வட்டம். வைக்கோல் நிரப்பிச் சரக்கேற்றி ஆற்றோடு இறங்குகிறார்கள். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையாவது ஏறுகிறது. பாபிலோன் சேர்ந்ததும் சரக்கை விற்கிறார்கள், படகின் விலாக்களையும் வைக்கோலையும் விற்றுவிடுகிறார்கள், தோலை மட்டும் உரித்துக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புகிறார்கள். ஆற்றின் வேகத்தை எதிர்த்து மேலேற முடியாது என்பது காரணம்.

இப்பகுதியைப் படித்தவர்கள் கழுதையைக் கண்டு சிரித்துவிட்டுக் கடந்துபோவதே வழக்கம். நாமும் அப்படித்தான் முன்பு கடந்தோம். பரிசலைப் பார்த்தபின் கழுதையே முக்கியமாகப் படுகிறது. சட்டமும் தோலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே பொருளாகிவிட்டிருந்தால் அந்த வணிகம் நடந்திருக்காது. பிரிக்கத்தக்க இரண்டாக அவை இருந்ததால்தான் ஒன்றை விற்கவும் மற்றொன்றைக் கொண்டுபோகவும் முடிந்தது. எது அருமையானது என்பதும் அதில் தெரிகிறது: கோல் எங்கும் கிடைக்கும், நீர் புகாத் தோல் கிடைக்காது.

எல்லா வட்டப் படகுகளும் இவ்வழி சென்றன என்றும் கொள்ளக் கூடாது. ஈராக்கின் 'குஃபா' வைக்கோற்புரியைச் சுருட்டிச் சுருட்டித் தைத்த கூடை; அதன்மேல் அந்நாட்டில் இயற்கையாய் ஊறும் நிலக்கீலை நேரடியாகப் பூசினார்கள். வியட்நாம் கடற்கரையில் மூங்கிற் பாயைக் கிண்ணமாக்கி அதன் இடுக்குகளில் சாணமும் மரப்பிசினும் அப்புகிறார்கள். இங்கெல்லாம் பின்னலே நீரையும் தடுக்க வேண்டும். ஆகவே பின்னல் நெருக்கமாகிறது, பூச்சு வெடிக்கும்தோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. பாறையில்லா ஆற்றுக்கும் மணற்கரைக்கும் அது போதும். ஒகேனக்கல் பாறைகளுக்குப் போதாது என்பது நம் எண்ணம்.

சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல், தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி 1933இல் தனிக்கட்டுரையே எழுதினார். 1946இல் வெளிவந்த அவருடைய பெருநூல் உலகக் கலங்களையெல்லாம் வரிசைப்படுத்துகிறது. நம் ஆற்றுக் கலங்களைக் கூர்ந்து நோக்கி எழுதிய அளவில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒரு மீன்வள அதிகாரி செய்த பணியைத் தமிழ்த் துறைகள் செய்யவில்லை என்பதைச் சொல்லாமல் கடப்பதும் முறையாகாது.

* * *

கலங்களின் பெயர்களை நாம் வகுப்பில் ஒப்பிக்கிறோம்: அம்பி, ஓடம், தோணி, திமில், பஃறி, வங்கம், நாவாய், புணை. பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லோடு வந்த பஃறிகள் கழிக்கரையில் குதிரைகள்போல் கட்டப்பட்டிருக்கும் காட்சியை விளக்கி, உவமையின் அழகைச் சொல்லி, மணி அடித்ததும் வெளியேறுகிறோம். அந்தப் பஃறியின் பலகைக்கும் பலகைக்கும் நடுவே என்ன இருந்தது என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நம் நிலை பரிதாபமாக இருந்திருக்கும்.

சொற்களை உற்று நோக்கினால் மொழி இக்கேள்வியை மறக்கவில்லை என்றே தெரிகிறது. 'புணை' என்ற சொல்லுக்குத் தெப்பம் என்றும் பொருள், பிணைத்தல் என்றும் பொருள். கட்டுமரம் என்ற பெயரில் மரத்திற்கு முன்னே கட்டு நிற்கிறது. டாம்பியர் என்னும் கடலோடி 1697இல் அச்சிட்ட பயண நூலில் அச்சொல் ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. சொல்லோடு சொல் சேர்வதைப் புணர்ச்சி என்றார் தொல்காப்பியர்; செய்யுட் கட்டமைப்பை யாப்பு என்றார்கள், அதுவும் கட்டுதலே. இரண்டு உயிர்கள் மோதும் இடத்தில் யகரமோ வகரமோ வந்து நின்று உடம்படுத்துவதை இலக்கண வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இனி அந்த மூங்கில் மூட்டு நினைவுக்கு வரும் என்று அஞ்சுகிறோம்.

'பரிசில்' என்பதன் கதை வேறு. சங்கப் பாடல்களில் அது புலவர் பெறும் கொடை. பிற்கால வழக்கிலும் அகராதிகளிலும் தோல் படகும் அதே வடிவில் வந்து சேர்கிறது. புலவன் பெற்ற பரிசிலைப் பற்றிப் பல நூறு பக்கம் எழுதியிருக்கிறோம். ஆற்றைக் கடக்கவைத்த பரிசிலைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. தோலை உரித்து, ஊறவைத்து, பதப்படுத்தி, ஒன்றோடொன்று மூட்டித் தைத்தவர்கள் யார்? தமிழ்ச் சமூகம் அந்தத் தொழிலைத் தீட்டாக்கி, அதைச் செய்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியது. மாட்டுத்தோலின் மீது அமர்ந்து ஆற்றைக் கடந்தவர்களுள் அந்தத் தோலைத் தைத்தவரைத் தொடத் தயங்கியவர்கள் இருந்தார்கள். ஒரு தோல் பரிசலளவு அகலம் இராது. இரண்டு மூன்றை இணைத்தாக வேண்டும். அந்தத் தையல் கொண்டை ஊசியளவு பிழைத்தாலும் நடு ஆற்றில் தெரிந்துவிடும். அத்தகைய தையலைச் செய்தவருடைய கல்வியை நாம் கல்வி என்று எண்ணாததால் அது ஏட்டில் ஏறவில்லை. இன்று தோலும் போயிற்று. எழுதி வைக்க நினைத்தாலும் பார்த்து எழுதுவதற்குப் பொருள் அரிது.

* * *

தோல் போன விதம் எளியது. பச்சைத் தோல் விலையேறியது. ஊறினால் கனக்கும், உலராவிட்டால் அழுகும், எண்ணெய் பூசிக் காக்க வேண்டும். அதனிடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பும் சாக்கும் தாரும் பிடித்துக்கொண்டன. இதை வீழ்ச்சி என்று புலம்புவாரோடு நமக்கு உடன்பாடில்லை. வேல்ஸ் நாட்டின் டெய்வி, டவி ஆறுகளில் மீன்பிடிப்போர் தங்கள் பரிசல்களில் தோலை விட்டுக் கான்வாஸ் துணிக்கும் கீலுக்கும் மாறியது இதனினும் முன்பே. அங்கே அதைப் பண்பாட்டு அழிவு என்று யாரும் சொல்லவில்லை. போர்வை மாறலாம். போர்வை வேறு, சட்டம் வேறு என்ற அமைப்பு மாறாதவரை பரிசல் பரிசலே. ஒகேனக்கல்காரர்கள் உரச்சாக்கைக் கையில் எடுத்தபோதும் அதைப் பின்னலோடு ஒட்டிவிடாமல் போர்த்தியே கட்டினார்கள்.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. கண்ணாடியிழையில் ஒரே வார்ப்பாகப் பரிசல் உருவத்தைச் செய்துவிட முடியும். கசியாது, தார் வேண்டாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் அதில் மூட்டே இல்லை. பாறை தரும் அடியை நானூறு இடங்கள் பங்கிட்டுக்கொள்வதற்கு வழியின்றி ஓரிடமே வாங்கும். தேங்கிய நீரில் அது சிறந்த கலமாக இருக்கலாம். பாறையிடுக்குகளில் மூங்கிலோடு அதனை ஒப்பிட நமக்கு மனம் வரவில்லை. பொய்மீன் செய்த நண்பரின் சைக்கிள் ட்யூப் உறையும் கசியாமல்தான் இருந்தது.

இதே வழக்கு கடலில் ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆளையும் சரக்கையும் அலைகளுக்கு நடுவே கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளில் துளையிட்டுத் தென்னைநார்க் கயிற்றால் தைத்தவை, ஆணி கிடையாது, தையலுக்கு அடியில் பொருத்துவாய் நெடுக நாரோ வைக்கோலோ வைத்து அழுத்தியிருப்பார்கள். அலை தூக்கி மணலில் போடும்போது ஆணியடித்த படகின் பலகை பிளக்கும். தைத்த படகு முதுகை நெளித்து எழுந்துவிடும். கயிறு ஆடியது, திணித்த நார் ஊறி அடைத்தது. இங்கும் வேலை இரண்டாகப் பிரிந்திருந்ததைக் காணலாம். அப்படியும் நீர் வந்தது. வந்ததை இறைத்துக்கொண்டே போனார்கள்.

ஐரோப்பியக் கண்ணுக்கு இவ்வமைப்பு நெடுநாள் பிடிபடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ் துறையில் தைத்த கப்பல்களைக் கண்ட மார்க்கோ போலோ, இரும்பாணி இல்லாத அவற்றை மட்டமானவை, ஆபத்தானவை என்று ஒதுக்கினார். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளுஸ் நூலோ, தமிழகக் கரையில் மரங்களைப் பிணைத்த 'சங்கரா' என்னும் பெருங்கலங்களை எந்த இழிவுமின்றிக் குறித்திருந்தது. 1980-81இல் டிம் செவரின் ஓமனில் கட்டுவித்த 'சோஹார்' என்ற தைத்த கப்பல் சீனாவின் கான்டன்வரை சென்று சேர்ந்தது. அஜந்தா ஓவியம் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு தைக்கப்பட்ட 'கௌண்டின்யா' 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. தைப்பதற்குக் கேரளக் கைவினைஞர்கள் கிடைத்தார்கள். சோழமண்டலக் கரையின் மசூலாத் தையல்காரர்களைத் தேடியிருந்தால் எத்தனை பேர் கிடைத்திருப்பார்களோ.

* * *

ஆற்றுக்குத் திரும்புவோம். 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் காவிரிக்கு இம்மாவட்டத்தில் இரண்டு முகங்கள்: மேலே பாறையாறு, கீழே ஏரியூர், நாகமரைப் பக்கம் பரந்து தேங்கிய ஸ்டான்லி நீர்த்தேக்கம். இரண்டிலும் மீனவர் கையில் பரிசலே. தேக்கத்தில் 'ரங்கூன் வலை' விரிப்போர் பயன்படுத்தும் பரிசல் சிறியது. ஒருவர் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம். தூரத்திலிருந்து பார்த்தால் ஆமை எழுந்து நடப்பதுபோல் இருக்கும்.

வெள்ளையர் காலத் தூண்டில்காரர்களைக் காவிரிக்கு இழுத்தது மகசீர். சென்னை ஆட்சிப்பணியிலிருந்த எச்.எஸ். தாமஸ் 1873இல் வெளியிட்ட தூண்டில் நூல் அதற்கு ஏறக்குறைய ஒரு துதிநூல். அவர்கள் உலோகக் கரண்டிகளையும் சுழலும் பொய்யிரைகளையும் கொண்டுவந்தார்கள். காவிரிக்கரையாரோ ராகி மாவைப் பிசைந்து உருட்டி முள்ளில் வைத்தார்கள். பின்னாளில் வெளிநாட்டாரும் அந்த உருண்டைக்கே மாறினார்கள். ராகி விளையும் மாவட்டத்தில் பொய்மீனுக்கு வேலையில்லாமல் போனதில் வியப்பில்லை. திமில் முதுகுடைய காவிரி மகசீருக்கு விஞ்ஞானப் பெயர் எது என்பதே 2018இல்தான் உறுதியாயிற்று. டோர் ரேமாதேவி என்று அடையாளம் கண்ட அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிலும் ஏறியது. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

நம்மோடு வந்த நண்பர் தம் மரமீனில் முள்ளைக் கழற்றிவிட்டே கொண்டுவந்திருந்தார். மீன்பிடிப்பது நோக்கமன்று, ஓடும் நீரில் வால் ஆடுகிறதா என்று பார்க்கவேண்டும். நூலில் கட்டிப் பரிசல் ஓரமாக விட்டார். ஆடியது. நீரோட்டத்தில் தலை ஒருபக்கமும் வால் ஒருபக்கமுமாக நெளிந்து நெளிந்து, ஒரு கணம் நாமே நம்பும்படி நீந்தியது. மாணவர்கள் கைதட்டினார்கள். பரிசல்காரர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தார். வாலை இப்படியும் அப்படியும் அசைத்தார். மூட்டின் இடைவெளியில் கட்டைவிரல் நகத்தை நுழைத்து அறுத்த முகத்தைத் தடவினார்.

"உள்ளாற தண்ணி போவட்டும்னு உட்டுட்டு, கட்டைக்கு மட்டும் பூசியிருக்கீங்களா சார்?"

நண்பர் ஆமென்றார்.

"எத்தினி நாளாச்சு இது தெரியறதுக்கு?"

"மூணு வாரம்."

பெரியவர் மீனைத் திருப்பிக் கொடுத்தார். "பரவால்ல," என்றார். "மீனுக்கு ராகி உருண்டையே போதுங்க சார்." பின் துடுப்பை எடுத்துப் பரிசலைக் கரைப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பினார், மாணவி இன்னும் வாளியில் நீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.